7912 மாற்றியாகிவிட்டது, பத்து நிமிடத்தில் மறுபடி கரகரப்பு: ரெகுலேட்டர் போயிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கொங்கு_ஆம்ப் | சனி, இரவு 9:40

வணக்கம். வீட்டில் ஒரு அசெம்பிள் 5.1 செட் இருக்கிறது. 12-0-12 டிரான்ஸ்பார்மர், 5 ஆம்பியர். ப்ரீ ஆம்ப் போர்டுக்கு +12 வோல்ட் தரும் 7812, −12 வோல்ட் தரும் 7912 என்ற ரெகுலேட்டர் ஐசிகள் இரண்டும் தனியாக ஒரு சின்ன சப்ளை போர்டில் இருக்கின்றன. பாட்டு போட்டால் முதல் பத்து நிமிடம் கண்ணாடி போல இருக்கும். அப்புறம் கரகரவென்று ஆரம்பித்து, குரல் உடைந்து, சப்-ஊஃபரில் தப்... தப்... என்று ஒரு அடி. ஆஃப் செய்து கால் மணி நேரம் விட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது.

+12 பக்கம் 12.02, அசையவில்லை. −12 பக்கம் ஆரம்பத்தில் சரி. தொந்தரவு வரும்போது −5க்கும் −9க்கும் நடுவில் ஆடுகிறது. 7912 தொட முடியாத சூடு. அதனால் அதைத்தான் மாற்றினேன். இரண்டாவதும் அப்படியே. செட்டில் இருக்கிற ஃபேன்கூட நடுநடுவே மெதுவாகிறது, எங்கள் ஏரியாவில் லோ வோல்டேஜ் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

சாலிடர்_சிவா | சனி, இரவு 10:05

ப்ரோ, டூப்ளிகேட் ஐசியாக இருக்கும். இப்போது கடையில் வருவதில் பாதி அழித்து எழுதினதுதான். வேறு கடையில் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கொங்கு_ஆம்ப் | ஞாயிறு, மதியம் 1:15

வேறு கடை, வேறு கம்பெனி பெயர் போட்ட 7912. மூன்றாவது. ஒன்பது நிமிடம் தாங்கியது. இன்னொன்றும் கவனித்தேன்: 7912-இன் முதல் காலில் இன்புட்டே வரவில்லை, பூஜ்யம். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் ஒரு டயோடு போயிருக்குமோ?

பழைய_ஈயம் | ஞாயிறு, மாலை 4:30

தம்பி, நான்காவது வாங்காதீர்கள். முதலில் கால்களைச் சரியாகப் பார்ப்போம்.

எழுத்து உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 7812-க்கு இடமிருந்து வலமாக இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7912-க்கு கிரவுண்டு, இன்புட், அவுட்புட். அவுட்புட் மட்டும்தான் இரண்டிலும் ஒரே இடம். நீங்கள் முதல் காலைத் தொட்டு பூஜ்யம் என்றது கிரவுண்டை. கிரவுண்டில் பூஜ்யம் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். இந்த இடத்தில் சறுக்காத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

இப்போது அளக்கும் முறை. கறுப்புப் புரோபைக் கையில் பிடிக்காதீர்கள். குரோகடைல் கிளிப் போட்டு பெரிய ஃபில்டர் கண்டன்சர்களின் நடு கிரவுண்டில் மாட்டிவிடுங்கள். சிவப்பு மட்டும் கையில், இன்னொரு கை பாக்கெட்டில். புரோப் நழுவி இன்புட் காலையும் அவுட்புட் காலையும் ஒன்றாகத் தொட்டால் ஃபில்டரில் இருக்கிற பதினேழு பதினெட்டு வோல்ட் முழுசாக ப்ரீ ஆம்பின் 4558 ஐசி மேல் போய் விழும். அதற்கு உச்சவரம்பே இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18தான். டிரான்ஸ்பார்மரின் பிரைமரி பக்கம் 230 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம், அந்த முனைகளில் ஸ்லீவ் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

சீரியஸ் பல்பு (மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராக மாட்டும் பல்பு) வைத்திருக்கிறீர்களா? 60 வாட்ஸ் பழைய குண்டு பல்பு போதும். செட்டைத் திறந்து கை வைக்கும் நாளெல்லாம் அது வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும்.

அளக்க வேண்டியது இரண்டு: நடுக்காலில் எவ்வளவு, மூன்றாவது காலில் எவ்வளவு. நல்லாயிருக்கும்போது ஒரு தடவை, கரகரப்பு வரும்போது ஒரு தடவை. ஒன்றை மட்டும் அளந்து ரெகுலேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. 78, 79 இரண்டு வகைக்கும் அவுட்புட்டைவிட இன்புட் சுமார் 2 வோல்ட், பாதுகாப்புக்கு இரண்டரை, அதிகம் வேண்டும். பேஸ் அடிக்கும்போது டிரான்ஸ்பார்மர் தொங்கி இன்புட் 13-க்கு வந்துவிட்டால், எந்த ஒரிஜினல் ஐசியாலும் 12 கொடுக்க முடியாது.

கொங்கு_ஆம்ப் | ஞாயிறு, இரவு 8:20

ஐயா, பல்பு போர்டு செய்துவிட்டேன். ஆன் செய்தவுடன் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது. அப்புறம் பல்பைத் தாண்டி நேரடியாகக் கொடுத்து அளந்தேன்.

நல்லாயிருக்கும்போது: நடுக்கால் −18.2, மூன்றாவது கால் −12.01.
கரகரக்கும்போது: நடுக்கால் −18.4, மூன்றாவது கால் −6 முதல் −9 வரை ஆட்டம்.

மதுர_டெக் | ஞாயிறு, இரவு 8:50

இன்புட் நிற்கிறது, அவுட்புட் விழுகிறது, சூடு. ஹீட் சிங்க் இல்லாததுதான் பிரச்சினை. தனியாக வாங்க வேண்டாம், அப்படியே கேபினட் தகரத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிடுங்கள் பாஸ். நான் 5 வோல்ட் 7805 எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வருஷக்கணக்கில் ஓடுகிறது.

கொங்கு_ஆம்ப் | ஞாயிறு, இரவு 9:35

முறுக்கினேன். ஆன் செய்தால் சீரியஸ் பல்பு முழு வெளிச்சம், மங்கவே இல்லை. டிரான்ஸ்பார்மர் ம்ம்ம்ம் என்று உறுமுகிறது. பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். என்ன ஆச்சு?

பழைய_ஈயம் | ஞாயிறு, இரவு 9:50

பல்பு உங்கள் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியது.

7805-இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது, தகரத்தில் முறுக்கலாம். மதுரைக்காரர் சொன்னது அதற்குச் சரி. 7912-இன் முதுகு கிரவுண்டு இல்லை, அது இன்புட். உங்கள் செட்டில் −18. தகரம் ஆடியோ கிரவுண்டோடு இணைந்திருக்கிறது, ஆக நீங்கள் முறுக்கியது ஒரு ஷார்ட். வோல்டேஜை மாற்றி வைக்கும் ரெகுலேட்டர்களில் 317 வந்தால் முதுகு அவுட்புட், 337-க்கு மறுபடி இன்புட். தகரத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் மைக்கா, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ், இரண்டு பக்கமும் பேஸ்ட். முறுக்கின பிறகு முதுகுக்கும் தகரத்துக்கும் கன்டினியூட்டி பார்த்து, பீப் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும்.

ஆனால் உங்களுக்கு ஹீட் சிங்க்கே தேவைப்படக் கூடாது என்பதுதான் என் சந்தேகம். போர்டில் எத்தனை ஐசி?

கொங்கு_ஆம்ப் | ஞாயிறு, இரவு 9:58

ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டேன், பல்பு மங்கிவிட்டது, நிம்மதி. 4558 ஐந்து. வேறு ஐசி எதுவும் இல்லை.

பழைய_ஈயம் | ஞாயிறு, இரவு 10:30

ஒரு 4558 சும்மா இருக்கும்போது மூன்று, நான்கு மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐந்துக்கு 20 என்று தாராளமாகவே வையுங்கள். ரெகுலேட்டர் விழுங்குவது 18.2 கழித்தல் 12, அதாவது 6.2 வோல்ட். 6.2 பெருக்கல் 0.02, எட்டில் ஒரு வாட். ஹீட் சிங்க் இல்லாத இந்த உடம்புக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். அப்படியானால் உங்கள் 7912 எட்டு டிகிரிதான் சூடாக வேண்டும். கை வைத்தால் தெரியவே தெரியாது.

நீங்களோ தொட முடியவில்லை என்கிறீர்கள். உள்ளே சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் இந்த ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் மறுபடி எழும். உங்கள் மீட்டர் காட்டும் ஆட்டமும் தப்... தப்... அடியும் அந்தத் தூங்கி எழுவதுதான். ஐசி போகவில்லை. யாரோ அதன் தலையில் அதிகப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது அது ஆஸிலேட் ஆகிறது, அதாவது தானாகவே அதிர்ந்து ஆடுகிறது.

பாரத்தைப் பிரித்துப் பாருங்கள். அவுட்புட் காலையே தூக்க வேண்டாம். 79 வகைக்கு அவுட்புட்டில் கண்டன்சர் இல்லையென்றால் தானாகவே ஆஸிலேட் ஆகும், அது வேறு குழப்பம். கண்டன்சரைத் தாண்டி ப்ரீ ஆம்புக்குப் போகும் ஜம்பரைக் கழற்றுங்கள். அதற்குப் பதிலாக கிரவுண்டுக்கு 220 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். 55 மில்லி ஆம்பியர் போகும், உங்கள் ஐசிகள் கேட்பதைவிட இரண்டரை மடங்கு.

ஸ்பீக்கர்_பாண்டி | ஞாயிறு, இரவு 11:10

இழையின் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். செட்டில் யூஎஸ்பி ப்ளூடூத் போர்டு சேர்த்தேன், 7805 போட்டு மெயின் பாசிட்டிவ் 17 வோல்ட்டிலிருந்து கொடுத்திருக்கிறேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண் குரல் வந்து ப்ளூடூத் மோடு என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அந்த வசனம் மனப்பாடம்.

பழைய_ஈயம் | ஞாயிறு, இரவு 11:25

உங்களுடையது கணக்கிலேயே முடிந்துவிடும் பாண்டி. போர்டு 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் 12 பெருக்கல் 0.2, 2.4 வாட். வெறும் உடம்பாக 150 டிகிரிக்கு மேல் ஏற வேண்டி வரும். அதனால் அணைகிறது, எழுகிறது, வசனம் பேசுகிறது. கையளவு ஹீட் சிங்க் போடுங்கள், 7805 என்பதால் மைக்கா வேண்டாம். சிலர் முன்னால் ஒரு 22 ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் வைத்து சூட்டைப் பங்கு போடுவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பேஸில் சப்ளை தொங்கும் நேரத்தில் யூஎஸ்பியும் அதிகம் இழுத்தால் 7805-க்கு 7 வோல்ட் மிஞ்சாது. சின்ன பக் கன்வெர்ட்டர் போர்டு சூடாகாது, ஆனால் சில செட்டில் அதன் கீச்சு ஸ்பீக்கரில் வரும். நான் ஹீட் சிங்க் கட்சி.

கொங்கு_ஆம்ப் | திங்கள், இரவு 8:45

220 ஓம் போட்டு நாற்பது நிமிடம் விட்டேன். −12.01, கடைசி இலக்கம்கூட அசையவில்லை. 7912 இளஞ்சூடு. ரெசிஸ்டர்தான் நன்றாகச் சுட்டது.

பிறகு ஜம்பர் இருந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து செட்டை ஓட்டினேன். 0.26 காட்டுகிறது. 260 மில்லி ஆம்பியர்! நீங்கள் 20 என்றீர்கள்.

சாலிடர்_சிவா | திங்கள், இரவு 9:00

அப்படியானால் ஏதோ ஒரு 4558 ஷார்ட். கரண்ட் இல்லாமல் −12 லைனுக்கும் கிரவுண்டுக்கும் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள் ப்ரோ. டூப்ளிகேட் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கொங்கு_ஆம்ப் | திங்கள், இரவு 9:40

ஓம்ஸில் ஒன்றும் தெளிவாக இல்லை, புரோபை மாற்றினால் வேறு எண் வருகிறது. ஐசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஐந்தையும் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். 0.26 இப்போது 0.24. கண்டன்சர்களைத் தொட்டுப் பார்த்தேன், எதுவும் சூடு இல்லை.

பழைய_ஈயம் | திங்கள், இரவு 10:15

ஐசி நடுவில் இருக்கும் லைனில் ஓம்ஸ் இப்படித்தான் குழப்பும். ஜீரோ வந்தால் ஷார்ட், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஐசியைத் தனியே கழற்றி ஓம்ஸ் பார்த்து நல்லது கெட்டது சொல்வதும் அப்படித்தான். இரண்டு கால் ஒட்டிப்போயிருந்தால் தெரியும், மற்றபடி உள்ளே இருக்கிற டிரான்ஸிஸ்டர்களை எந்த மீட்டராலும் விசாரிக்க முடியாது.

240 மில்லி ஆம்பியர், 12 வோல்ட், கிட்டத்தட்ட 3 வாட். அவ்வளவும் ஒரு கண்டன்சரில் போனால் அது இந்நேரம் வெடித்திருக்கும். போர்டில் எதுவும் சூடாகவில்லை என்றால் அந்த 3 வாட் வேறு எங்கோ உருப்படியாகச் செலவாகிறது.

ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலை) பார்த்தீர்களா? மஞ்சள் நிற மலிவு மீட்டரில் ஏசி ரேஞ்சை வைத்துப் பார்க்காதீர்கள். அது டிசியையும் சேர்த்து அளக்கும். 12 வோல்ட்டைத் தொட்டால் ஒரு பக்கம் 26 போலக் காட்டும், புரோபைத் திருப்பினால் பூஜ்யம். அதில் ஏசிக்குக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட், மில்லிவோல்ட் எங்கே தெரியப் போகிறது.

காதால் கேளுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்று இருந்தால், அதன் பின்னுக்கு முன்னால் 0.1 மைக்ரோ, 100 வோல்ட் கண்டன்சரும் 47 கே ரெசிஸ்டரும் வரிசையாகப் போட்டு ஒரு புரோப் செய்யுங்கள். கிரவுண்டைக் கிரவுண்டோடு சேர்த்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, முதலில் நடுக்காலைத் தொடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஹம் வரும், பிரிட்ஜ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு டயோடு போயிருந்தால் 50 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். அப்புறம் மூன்றாவது காலைத் தொடுங்கள். அங்கே ஏறக்குறைய அமைதியாக இருக்க வேண்டும்.

கொங்கு_ஆம்ப் | செவ்வாய், இரவு 9:20

செய்து பார்த்தேன். நடுக்காலில் நல்ல ஹம். +12-இல் அமைதி. −12-இல் ஹம் இல்லை, ஆனால் ஒரு விர்ர்ர் என்ற சத்தம், கொசு மாதிரி, சீராக. பத்து நிமிடம் கழித்து கரகரப்பு ஆரம்பிக்கும்போது அந்த விர்ர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, நின்று, மறுபடி ஏறுகிறது. ஆட்டோ சிக்னலில் நின்று கிளம்புவது மாதிரி.

பழைய_ஈயம் | செவ்வாய், இரவு 9:32

தம்பி, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். லோ வோல்டேஜ் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஃபேன். அதன் ஒயர் எங்கே போகிறது?

கொங்கு_ஆம்ப் | செவ்வாய், இரவு 9:51

ஐயோ.

நான்தான் மாட்டினேன், போன கோடையில். பழைய கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன். ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.25 ஆம்பியர் என்று இருக்கிறது. +12-இல் கை வைக்கப் பயந்து, மறுபக்கம் சும்மாதானே இருக்கிறது என்று சிவப்பைக் கிரவுண்டிலும் கறுப்பை −12-இலும் சாலிடர் செய்தேன். ஜம்பருக்கு அந்தப் பக்கம், ப்ரீ ஆம்ப் போர்டின் ஓரத்தில். செட் சூடாகக் கூடாது என்றுதான் மாட்டினேன். ஃபேன் ஒயரை வெட்டினேன், மீட்டர் 0.02-க்கு வந்துவிட்டது.

மதுர_டெக் | செவ்வாய், இரவு 10:02

சூட்டைக் குறைக்க வந்த ஃபேன்தான் சூடா? சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது பாஸ். தகரத்தில் முறுக்கச் சொன்னதற்கு நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.

பழைய_ஈயம் | செவ்வாய், இரவு 10:20

6.2 பெருக்கல் 0.26, 1.6 வாட். நூறு டிகிரிக்கு மேல் ஏற்றம். மூடின கேபினட்டுக்குள் ஏற்கனவே 45 இருக்கும். 150-ஐத் தொட உங்கள் பத்து நிமிடம் சரியாக இருக்கிறது. போன கோடையிலிருந்தே அணைந்து அணைந்து எழுந்திருக்கும், பாட்டு சத்தத்தில் தெரிந்திருக்காது.

ஃபேன் வேண்டும் என்றால் பெரிய கண்டன்சரின் பாசிட்டிவிலிருந்து எடுங்கள். 27 ஓம், 5 வாட்ஸ் சீரியஸில் போட்டால் ஃபேனுக்கு 12-க்குப் பக்கத்தில் கிடைக்கும். நான் 39 போடுவேன், கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், இரைச்சல் இருக்காது. போட்ட பிறகு ஆன் செய்யும்போது தானாகக் கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். முக்கியமானது கிரவுண்டு ஒயர்: ப்ரீ ஆம்ப் போர்டில் சேர்க்கக் கூடாது, நேராக அந்தப் பெரிய கண்டன்சர் கிரவுண்டுக்கே திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் விர்ர் சத்தம் வேறு வழியாக வீட்டுக்குள் வரும். இரண்டு ஒயரையும் முறுக்கி, ஆடியோ ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

டேப்_ரசிகன் | செவ்வாய், இரவு 11:00

நல்ல இழை. 317 இருக்கிற பழைய ப்ரீ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 317-க்கு கால்கள் அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். முதல் இரண்டு காலுக்கு நடுவில் மீட்டரை வைத்தால் 1.25 வோல்ட் வர வேண்டும். வந்தால் ஐசி தன் வேலையைச் செய்கிறது, அவுட்புட் தப்பாக இருந்தால் பக்கத்து ரெசிஸ்டரில் தேடுங்கள். எனக்கு ஒரு தடவை கிரவுண்டுக்குப் போகும் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) உள்ளே தொடர்பு விட்டுப்போய், 15 இருக்க வேண்டிய இடத்தில் இன்புட் கிட்டத்தட்ட அப்படியே அவுட்புட்டில் வந்துவிட்டது. இரண்டு ஐசி பலி. அதிலிருந்து பிரீசெட் இருந்தால் அளந்து பார்த்து சாதாரண ரெசிஸ்டராக மாற்றிவிடுகிறேன். பாரமே இல்லாமல் மேசையில் தனியாகச் சோதிக்கும்போதும் ஒரு ஜாக்கிரதை: 317-க்குக் குறைந்தது 10 மில்லி ஆம்பியராவது ஓட வேண்டும், இல்லையென்றால் அவுட்புட் மேலே ஏறிக்கொண்டு ஐசி போன மாதிரியே பாசாங்கு செய்யும்.

ஸ்பீக்கர்_பாண்டி | புதன், காலை 7:30

7805-க்கு ஹீட் சிங்க் போட்டாச்சு. நேற்று இரவு முழுக்க ஓடியது, அந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

கொங்கு_ஆம்ப் | வியாழன், இரவு 10:10

39 ஓம் போட்டு, கிரவுண்டைப் பெரிய கண்டன்சருக்கு ஓட்டிவிட்டேன். ஃபேன் தானாகவே கிளம்புகிறது. இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். −12.01. 7912 மேல் விரல் வைத்தால் ஆன் செய்திருக்கிறதா என்றே தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் புரோபில் −12 இப்போது +12 போலவே அமைதி.

முதலில் கழற்றின இரண்டு 7912-ஐயும் குப்பை டப்பாவில் தேடி எடுத்தேன். ஒன்றில் ஒரு கால் வளைந்திருந்தது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியை சீரியஸில் வைத்து, பிளஸ்ஸை முதல் காலுக்கும் மைனஸை நடுக்காலுக்கும் கொடுத்து, இன்புட்டில் 10 மைக்ரோ, அவுட்புட்டில் 47 மைக்ரோ, அதே 220 ஓம். முதலாவது −11.94. இரண்டாவது −12.06. இரண்டையும் துடைத்து, கவரில் போட்டு, நல்லது என்று எழுதி வைத்திருக்கிறேன்.